ஆறு பித்தளைக் கம்பிகள்

தங்கக் கம்பிக் கதையை இன்னும் ஒருதரம் யாராவது என் காதுபடச் சொன்னால் எழுந்து போய்விடுவதாக இருக்கிறேன். போன மாதம் பெரியப்பாவின் அடக்க ஆராதனையில் சபைப் போதகரான ஐயர் அதைச் சொன்னார். பிறகு கமிட்டிக்காரர் சொன்னார். கல்லறைத் தோட்டத்துக்கு நடக்கும்போது பக்கத்தில் வந்த ஒரு பெண், "தாலியறுத்து நின்ன தம்பி பொண்டாட்டிக்குத் தங்கம் மாதிரி கம்பி வாங்கிக் குடுத்த மகராசன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். அது நடந்தபோது அவள் பிறந்துகூட இருக்கமாட்டாள். இப்போது அவருக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். அவர் வீட்டில் வளர்ந்த பிள்ளை என்பதால் நானும் ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டுமாம்.

சரி, எழுதுகிறேன். மலரைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் என்னோடு ஞாயிறு பள்ளியில் கோரைப்பாயில் உட்கார்ந்தவர்கள். உங்களுக்கும் முட்டி வலி வந்திருக்கும், பேரப்பிள்ளைகள் வந்திருப்பார்கள். அந்த டிசம்பர் மாதம் உங்களுக்கு மறந்திருக்காது. மேடையில் என் அம்மா கிதாரோடு உட்கார்ந்திருந்தபோது நீங்களும்தான் சிரித்தீர்கள். சின்னப் பிள்ளைகள், பெரியவர்கள் சிரித்தார்கள் என்று சிரித்தீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

அப்பா போடிமெட்டு மலைச்சாலையில் லாரி கவிழ்ந்து போனதற்கு அடுத்த வருஷம் அது. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்திய இரும்புக் கடை போடி பஜாரில் இருந்ததும், கடைக்குப் பின்னாலேயே வீடு இருந்ததும் உங்களுக்குத் தெரியும். அப்பா போனதும் முன்னறையிலிருந்து எங்களைப் பின்னறைக்கு மாற்றினார்கள். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியாகப் பக்கத்து ஏலக்காய்க் கிட்டங்கியின் வாசம் நாள் முழுக்க வரும். எங்கள் சட்டை, சோறு, பாடப்புத்தகம் எல்லாம் ஏலக்காயாக மணந்த காலம் அது. இன்றைக்கும் பாயசத்தில் ஏலக்காய் போட்டால் தள்ளி வைத்துவிடுவேன்.

அந்த அறையில் அம்மாவுடையது என்று இரண்டே சாமான்கள் இருந்தன. ஒன்று தகரப்பெட்டி. இன்னொன்று கிதார். அம்மா மூணாறு எஸ்டேட்டில் வளர்ந்தவள். தாத்தா அங்கே கிளார்க். ஊரைவிட்டுப் போன ஒரு எஞ்சினியர் கொடுத்துவிட்டுப் போன ஹவாயன் கிதார் அது. மடியில் படுக்கவைத்து வாசிப்பது. இடது கையில் விரல் நீளத்துக்கு ஓர் எஃகுத் துண்டைப் பிடித்துக் கம்பிமேல் வழுக்கிக்கொண்டே போவாள், வலது கை மீட்டும். வீணை மாதிரிக் குடமும் கிடையாது, ஓட்டையும் கிடையாது. சப்பாத்திப் பலகை மாதிரி திண்ணென்ற மரம். அதில் ஆறு இரும்புக் கம்பி. கம்பிகளுக்கு அடியில் தீப்பெட்டி அகலத்தில் ஒரு கறுப்பு மூடி.

சும்மா மீட்டினால் கொசு முனகுகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். நான் மரத்தில் காதை ஒட்டவைத்துக் கேட்பேன். சில சமயம் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொள்வேன், பாட்டு மண்டைக்குள் கேட்கும். அம்மா திட்டமாட்டாள். "கடிச்சு முழுங்கிராத மோளே" என்பாள். கோபம் வந்தாலும் செல்லம் வந்தாலும் அவளுக்கு மலையாளம் கலந்த மூணாற்றுப் பேச்சு வந்துவிடும்.

ஒருநாள் நான் ஊக்கு ஒன்றைக் கைதவறி அந்தக் கறுப்பு மூடிக்குப் பக்கத்தில் போட்டேன். அது உருண்டு கீழே விழாமல் துள்ளிப்போய் மூடிமேல் ஒட்டிக்கொண்டது. நான் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டேன். அம்மா சிரித்தாள். அப்பா போனபிறகு அவள் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

உண்மையான சத்தம் கேட்க வேண்டுமென்றால் ரேடியோ வேண்டும். பெரியப்பா அறையில் ஒரு பெரிய வால்வு ரேடியோ இருந்தது. அதன் முதுகில் இசைத்தட்டுப் பெட்டியைச் சொருக இரண்டு துளைகள் உண்டு. பெரியப்பா கடையில் இருக்கும் மத்தியான வேளையில் அம்மா கிதாரைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் துளையில் ஒயரைச் சொருகுவாள். வால்வு சூடேறுகிற வாசம் வரும், தூசி கருகுகிற மாதிரி. பிறகு முதல் கம்பியை மீட்டுவாள். அத்தனை நேரம் கொசுவாக இருந்தது மனுஷக் குரலாக மாறி அறை நிறைய எழும்பும். ஞானப்பாட்டுதான் வாசிப்பாள். அழுகிற மாதிரியும் இருக்கும், அழுது முடித்துத் தெளிந்த மாதிரியும் இருக்கும். அடுப்படியில் பெரியம்மா பாத்திரத்தைச் சத்தம் போட்டு வைப்பாள். அதுதான் போதும் என்பதற்கு அடையாளம்.

ஒரு மழைநாளில் பெரியப்பா சாப்பாட்டுக்குச் சீக்கிரம் வந்துவிட்டார். அம்மா ஒயரைப் பிடுங்கக்கூட நேரமில்லை. அவர் கோபப்படவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "இதுக்கு வயிறே இல்லையே, சத்தம் எங்கன இருந்து வருது?" என்று கேட்டார்.

அம்மாவிடம் யாரும் எதையும் கேட்காத வீடு அது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "மரத்துல இருந்து வரல அத்தான். இந்தக் கறுப்பு மூடிக்குள்ள காந்தம் இருக்கு. அதச் சுத்தி முடி கணக்கா செம்புக் கம்பி, ஆயிரக்கணக்குல சுத்தி வச்சிருக்கும். மேல உள்ளது இரும்புக் கம்பி. காந்தத்துக்குப் பக்கத்துலயே கெடக்கறதுனால அதுக்கும் காந்தம் ஏறிரும். நான் மீட்டுனா அது ஆடும். அது ஆட ஆட, காந்தத்தோட இழுப்பும் கூடவே ஆடும். இழுப்பு ஆடுனா செம்புக்குள்ள துளியூண்டு கரண்டு பெறக்கும். கம்பி என்ன வேகத்துல ஆடுதோ அதே வேகத்துல கரண்டும் ஆடும். அந்தக் கரண்டத்தான் ரேடியோ பெருசாக்கிச் சத்தமா விடுது."

"சைக்கிள் டைனமோ மாதிரி."

"அதே சங்கதிதான் அத்தான்."

பெரியப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். பழைய பித்தளை கொண்டுவந்து போடுகிறவர்கள் முலாம் பூசிய இரும்பைத் தலையில் கட்டிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் அதை வைத்துப் பார்ப்பார். அதை எடுத்துக் கிதார்க் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கம்பி லேசாக அதன் பக்கம் வளைந்தது.

"இரும்பா இருந்தாத்தான் பேசுமோ?"

"இரும்பு இல்லாட்டி அதுக்குக் காதே கேக்காது அத்தான்."

"ம்" என்று சொல்லிவிட்டு அவர் ரசம் கேட்டார். அம்மா ஓடினாள்.

அந்த வருஷம் வேறொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. பெரியகுளம் பக்கம் விடுதியோடு ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அங்கே பாட்டு டீச்சர் வேலை காலியாக இருந்தது. குடியிருக்க ஓர் அறை உண்டு, பிள்ளையை அங்கேயே படிக்க வைக்கலாம். ஐயரின் மனைவி ஐயரம்மா அந்தப் பள்ளித் தலைமையாசிரியையிடம் அம்மாவைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நம் கோயில் நிகழ்ச்சிக்கு அவர் வருவார், அம்மா கிதாரில் மூன்று பாட்டு வாசிக்க வேண்டும், கேட்டுவிட்டு முடிவு சொல்வார் என்று ஏற்பாடு.

அம்மா ராத்திரி படுத்துக்கொண்டு அந்த அறையைப் பற்றி என்னிடம் சொல்லுவாள். பார்க்காத அறைக்கு இரண்டு ஜன்னல் வைத்தாள். வாசலில் ஏதோ ஒரு மூணாற்றுப் பூச்செடி வைத்தாள். "அங்கன நாம எத்தன மணிக்கு வேணாலும் வாசிக்கலாம்" என்றாள். எனக்கு அவள் அடுப்படியில் கரி பிடித்து நிற்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது. பெரியப்பா வீட்டில் பத்துப் பேருக்கு மூன்று வேளையும் அவள்தான் வடித்துக் கொட்டினாள். அப்பாவுக்கும் அந்தக் கடையில் பாதி உண்டு என்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

விஷயம் தெரிந்து பெரியப்பா ஒன்றும் மறுக்கவில்லை. "தாராளமா வாசிக்கட்டும்" என்றார். கோயிலில் நாலு பேர் முன்னால்தான் சொன்னார். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு அவரே பின்னறைக்கு வந்து, "கம்பியெல்லாம் துருப்பிடிச்சுப் போயி அசிங்கமாருக்கு ஆத்தா. குடு, மாத்தித் தாரேன். நேரா கோயிலுக்குக் கொண்டாந்துருவேன்" என்று கிதாரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கென்று அவர் செய்த முதல் காரியம். நான் தெருவெல்லாம் போய்ச் சொன்னேன். உங்களில் ரெண்டு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

அந்த ஞாயிறு சாயங்காலம் மேகம் தெருவுக்கே இறங்கியிருந்தது. கோயிலுக்குள் கலர்த்தாள் தோரணம், சவுக்குக் கிளையில் பஞ்சு ஒட்டிய மரம், கேக் வாசம். ரேடியோ செட்டுக்காரர் கோம்பையிலிருந்து வந்திருந்தார். மார்கழி என்பதால் விடிகாலையில் அந்த ஊர்ப் பெருமாள் கோயிலுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டிவிட்டு, தூங்காமல் சிவந்த கண்ணோடு இங்கே வந்து ஆம்பிளிஃபயரை இறக்கினார். தலைமையாசிரியை முதல் வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா வெள்ளைச் சேலையில் ஓரமாக நின்றாள்.

பெரியப்பா மேடையில் ஏறி, துணியை விலக்கிக் கிதாரைத் தூக்கிக் காட்டினார். ஆறு கம்பியும் பளபளவென்று மின்னின. கூட்டம் "ஆ" என்றது. மைக்கைப் பிடித்து, "மதுரையில இருந்து வரவழச்சது. வீணைக்குப் போடுற ஒசந்த பித்தள. என் தம்பி இருந்தா என்ன செய்வானோ அத நான் செஞ்சிருக்கேன்" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. கம்பியைப் பார்த்த அம்மா மட்டும் கைதட்டவில்லை.

நான் மேடையின் முதல் படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் அவருக்குப் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "அத்தான், இது பேசாது. பழைய கம்பி எங்க? பத்து நிமிசத்துல மாத்திருவேன்."

"அதத் தூக்கிப் போட்டாச்சு. வாசிம்மா. எல்லாரும் காத்திருக்காக."

அவள் உட்கார்ந்தாள். ரேடியோ செட்டுக்காரர் ஒயரைச் சொருகினார். குழாயில் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல் மட்டும் வந்தது. அம்மா மீட்டினாள். உறுமலுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. இன்னும் அழுத்தி மீட்டினாள். ரேடியோ செட்டுக்காரர் ஒயரைக் குலுக்கினார், குமிழைத் திருகினார், உறுமல்தான் பெரிதானது. பின்வரிசையில் யாரோ, "வாசிச்சு முடிச்சிருச்சா?" என்று கேட்டார்கள். சிரிப்பு அங்கிருந்துதான் கிளம்பியது.

அம்மா அப்போது ஒன்று செய்தாள். கையிலிருந்த எஃகுத் துண்டைக் கம்பியில் வைக்காமல் அந்தக் கறுப்பு மூடிக்கு மேலே கொண்டுபோய் மேலும் கீழும் ஆட்டினாள். குழாயில் டுப், டுப் என்று இடித்தது. தலைமையாசிரியையைப் பார்த்து, "கேக்குதுல்லம்மா? கிதார் நல்லாருக்கு. இரும்பா இருந்தா எடுக்கும். இது பித்தள, அதான்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகில்லை. ஆனால் வெள்ளைச் சேலை கட்டிய பொம்பளை ஒருத்தி, மேடையில் பாட்டு வாசிக்காமல் இரும்புத் துண்டை ஆட்டிக்கொண்டிருந்ததைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். சிரிப்பு கூரையைத் தொட்டது. ஐயர் எழுந்து ஒரு ஜெபம் சொல்லிச் சமாளித்தார்.

வாசலில் வைத்துத் தலைமையாசிரியையிடம் பெரியப்பா பேசினார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தம்பி போனதுல இருந்து அதுக்கு மனசு ஒரு நெலையில இல்ல டீச்சர். வாசிப்பேன் வாசிப்பேன்னுச்சு. நாங்களும் ஆசயக் கெடுக்க வேண்டாமேன்னு விட்டுட்டோம். நாங்க பாத்துக்கிறோம்" என்றார். அந்தக் குரலில் அவ்வளவு கனிவு. அந்த அம்மையார் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். எனக்கு அன்றைக்குப் பெரியப்பாமேல் நன்றியாகக்கூட இருந்தது. அம்மாவை விட்டுக்கொடுக்காமல் பேசினார் என்று நினைத்தேன். பாருங்கள், எவ்வளவு சுலபமாக ஏமாற்றலாம் சின்னப் பிள்ளையை.

அம்மா ஐயரம்மாவிடம் ஒருதரம் போய்ச் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "மனச அலட்டிக்காத" என்றார்கள். அவ்வளவுதான். மனசு சரியில்லை என்று ஒருத்தர் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நாம் சொல்லுகிற நியாயமெல்லாம் அதற்குச் சாட்சியாகத்தான் போகும்.

கிறிஸ்மஸ் முடிந்து பொங்கலுக்குள் ஒருநாள் கடைக்குப் போனேன். கல்லாப்பெட்டிக்கு மேலே வாஷர்களைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சின்ன வாஷர் ஒரு கம்பியில், பெரிய வாஷர் ஒரு கம்பியில், மொத்தம் ஆறு. கம்பியின் முனையில் கிதாரில் மாட்டுகிற சின்ன உருண்டை அப்படியே இருந்தது. நான் மூச்சிரைக்க ஓடி அம்மாவிடம் சொன்னேன். அவள் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். அந்த எஃகுத் துண்டால்தான் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பாவுக்குத் தெரியலம்மா. தூக்கிப் போட்டம்னு நெனச்சிருப்பாக. நான் போயிக் கேக்கட்டா?"

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேணாம். நீ போயிப் படி" என்றாள்.

அடுத்த கோடை விடுமுறையில் பெரியப்பாவின் மகன்கள் கிதாரைப் பரணிலிருந்து இறக்கிக் கறுப்பு மூடியைப் பெயர்த்தார்கள். உள்ளே இருந்த செம்புக் கம்பி அவர்களுக்குப் பொன்வண்டு கட்டி விளையாட வேண்டியிருந்தது. ஒருத்தன் முனையைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் ஓடினான். கிணற்றைச் சுற்றினான், முருங்கையைச் சுற்றினான், பக்கத்துக் கிட்டங்கிச் சுவர்வரைக்கும் போனான். கம்பி முடியவே இல்லை. வெயிலில் முடி மாதிரி சிவந்து மின்னிக்கொண்டு வந்துகொண்டே இருந்தது. அம்மா அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். மரத்தை மட்டும் வெகுநாள் கழித்துப் பெரியம்மா வெந்நீர் அடுப்பில் வைத்தாள். அம்மா அந்த அடுப்படியில் மேலும் பல வருஷம் நின்றாள். நான் வேலைக்குப் போய்த் தேனியில் ஒரு வீடு பிடித்து அழைத்துக்கொண்டு போனபோது அவளுக்கு விரல் மடங்காமல் போயிருந்தது.

அத்தனை வருஷமும் நான் பெரியப்பாவை வெறுக்கவில்லை. இதை நம்புங்கள். இரும்பு விற்கிற மனுஷன், பாட்டு தெரியாது, பளபளப்பாக இருந்தால் நல்லது என்று நினைத்திருக்கிறார், அம்மா சொன்னதை ரசத்தோடு சேர்த்து விழுங்கி மறந்திருக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். முட்டாள்தனத்துக்கு மேல் எவ்வளவு நாள் கோபப்பட முடியும்? அம்மா இறந்தபிறகும் நான்தான் மாதம் ஒருமுறை போடிக்குப் போய் அவரைப் பார்த்து வந்தேன். அவர் மகன்கள் வெளியூரில். கடை உள்வாடகைக்குப் போய்விட்டது. வாஷர்கள்கூட இல்லை.

போன ஐப்பசியில் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காது மந்தம், மூளை கூர்மை. ரொட்டியைக் காப்பியில் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோயிலில் யாரோ அந்தப் பழைய கதையைச் சொன்னதாகப் பேச்சு வந்தது. நான் கேலியாகத்தான் சொன்னேன். "ஊரே தங்கக் கம்பிங்குது பெரியப்பா. பித்தளையப் போட்டா அது பேசாதுன்னு ஒங்களுக்குத்தான் தெரியாமப் போச்சு."

அவர் வாயில் இருந்த ரொட்டியை விழுங்கிவிட்டு என்னை முறைத்தார். எதற்குக் கோபம் வந்தது தெரியுமா? தெரியாது என்று சொன்னதற்கு.

"எனக்கா தெரியாது? பித்தளையில காந்தம் ஒட்டாதுன்னு எனக்கா தெரியாது? நான் இரும்புக் கடக்காரன். ஒங்கம்மாதான் அன்னைக்கு நான் சோத்துத் தட்டுக்கு முன்னால ஒக்காந்திருக்கையில வெலாவாரியாச் சொன்னாளே." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "வீணைக் கம்பியில இரும்பும் உண்டு, பித்தளையும் உண்டு. நான் பித்தள மட்டும் போதும்னு கேட்டு வாங்குனேன். அவ வேலைக்குப் போயிருந்தா ஊரு என்ன பேசும்? தம்பி பொண்டாட்டிக்குச் சோறு போட வக்கில்லன்னு பேசும். தம்பி பங்கு எங்கன்னு கேக்கும். நான் ஒரு வார்த்த அவள வைதேனா? கைய நீட்டுனேனா? கம்பிதான் மாத்துனேன். குடும்பம் நின்னுச்சுல்ல?"

என்னைப் பார்த்தார். நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்தார், சத்தியமாக. காப்பித் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தேன். நேராகப் போய்த் தேனி பஸ்ஸில் ஏறினேன். இஞ்சி தட்டிக்கொண்டிருந்த அம்மா அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு வாஷர்களைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மேடையில் கம்பி மின்னிய நிமிஷமே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவர் வீட்டில் பத்துப் பேருக்கு வடித்துக் கொட்டியிருக்கிறாள், எனக்குச் சோறும் பள்ளிக்கூடமும் வேண்டும் என்பதற்காக.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. அடக்கத்துக்கு வந்தேன், எல்லாரும் பார்த்தீர்கள். மண் போடவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

மலர்க் குழுவுக்கு: நீங்கள் கேட்ட கட்டுரை இதுதான். போட்டால் முழுதாகப் போடுங்கள், இல்லையென்றால் கிழித்துப் போடுங்கள், பூசி மெழுகி என் பெயரில் வேறு எதையும் எழுதிவிடாதீர்கள். இனிமேல் கோயிலில் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் தங்கம் என்று சொல்ல வேண்டாம். அது பித்தளை. வாங்கினவருக்கு அது தெரியும்.